மாத்திரை மாறும் வாரங்களில் நீங்களே மருத்துவர் ஆகிவிடாதீர்கள்

மனநலப் பிரிவில் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி இது. மனச்சிதைவு நோய்க்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பியிருப்போம். பத்துப் பதினைந்து நாளில், தூக்கமில்லாமல் கண் சிவந்து, நிலைகொள்ளாமல் தவிக்கும் நோயாளியை வீட்டார் பிடித்து அழைத்து வருவார்கள். "புது மாத்திரை ஒத்துக்கல டாக்டர், நாங்களே நிறுத்திட்டோம்" என்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும், படிப்படியாகக் குறைக்கச் சொன்ன பழைய மாத்திரையை ஒரே நாளில் விட்டிருப்பார்கள். தொந்தரவு தொடங்கிய அன்றே வந்திருந்தால் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைத்தே சரிசெய்திருக்கலாம். அதற்குள் நோயே திரும்பியிருக்கும்.

மருந்தை ஏன் மாற்றுகிறோம்?

ஓலான்சபின் சாப்பிடுபவருக்கு எடை கூடி, சர்க்கரை ஏறலாம். ரிஸ்பெரிடோனால் சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். மார்பில் பால் கசியும். ஹாலோபெரிடாலில் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குரல் கேட்பது நிற்கவில்லை என்றால் க்ளோசபினுக்குப் போகிறோம். காரணம் எதுவானாலும், பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் நாங்கள் பின்பற்றும் முறை. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

பழைய மருந்து விலகும்போது

ஓலான்சபின், க்யூட்டியாபின், க்ளோசபின் மூன்றும் தூக்கத்தைத் தருபவை. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும். குமட்டல், வியர்வை, படபடப்பு வரும். வீட்டார் இதைப் புது மாத்திரையின் கெடுதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். க்ளோசபினைச் சட்டென்று விட்டால் குரல்களும் சந்தேகங்களும் முன்பைவிட வேகமாகத் திரும்பக்கூடும். நடுக்கத்துக்காகக் கொடுக்கும் பேசிடேன் மாத்திரையையும் பழைய மருந்தோடு சேர்த்துத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் மெதுவாகவே குறைக்க வேண்டும். மாதம் ஒருமுறை போடும் ஊசியிலிருந்து மாறுபவர்களுக்கு, ஊசி நின்ற பிறகும் அந்த மருந்து பல வாரங்கள் உடலில் இருக்கும். அதன் பக்கவிளைவும் உடனே போகாது.

புதிய மருந்து வேரூன்றும்போது

அரிப்பிப்ரசோலுக்கு மாறிய ஓர் இளைஞரின் தாய் சொன்னார்: "ராத்திரி பூரா வாசலுக்கும் கொல்லைக்குமா நடக்கறான். சோத்துல உக்கார வச்சா ரெண்டு வாய்க்குள்ள எந்திரிச்சிடறான்." என் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அந்த இளைஞரின் கால்கள் ஒரு நிமிடம் ஓயவில்லை. "உள்ளுக்குள்ள என்னமோ பிடிச்சுத் தள்ளுது டாக்டர்" என்றார். இதற்கு அகதீசியா என்று பெயர். நோய் முற்றிவிட்டது என்று பயந்து வீட்டில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். தவிப்பு இரட்டித்துவிட்டது. இந்தத் தவிப்பு தாங்க முடியாமல் தற்கொலை எண்ணம் வந்தவர்கள் உண்டு. அளவைக் குறைத்தும் துணை மருந்து கொடுத்தும் இதைத் தணிக்க முடியும்.

இந்த நம்பிக்கைகளை விடுங்கள்

"மருந்தை மாற்றினால் நோய் முற்றிவிட்டது." இல்லை. நோய் நன்றாகக் கட்டுப்பட்டவருக்கும் எடைக்காக, சர்க்கரைக்காக மாற்றுகிறோம்.

"தூக்கம் வரவில்லை, மாத்திரை வேலை செய்யவில்லை." தூங்கவைப்பது இந்த மருந்துகளின் வேலை என்று யார் சொன்னது? அரிப்பிப்ரசோல் பலருக்குத் தூக்கம் தராது. அது உடலில் நிலையான அளவை எட்டவே சுமார் இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

"பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாம்." தயவுசெய்து வேண்டாம். வேறு வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும்.

"எல்லாம் உடம்புச் சூடு." மருந்து மாறும் நாட்களில் எண்ணெய்க் குளியலும் கஷாயமும் பரிகாரம் ஆகாது. காய்ச்சலோடு உடல் விறைத்தால் அதைச் சூடு என்று விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது.

"பீடிக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?" நேரடிச் சம்பந்தம் உண்டு. புகையிலைப் புகை க்ளோசபினையும் ஓலான்சபினையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். புகைப்பதைத் திடீரென விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். புகையை விடுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விடுங்கள்.

"தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கிறோம்." தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதவரால் பக்கவிளைவைச் சொல்ல முடியாது. உண்மை தெரிந்த நாளில் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும்.

"கோயிலில் ஒரு மண்டலம் தங்கப்போகிறோம், மாத்திரை வேண்டாம்." தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். மாத்திரையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

காய்ச்சலோடு உடல் விறைப்பு, மிகுந்த வியர்வை, குழப்பம், கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகி நிற்பது, மயக்கம், சாவைப் பற்றிய பேச்சு. இவற்றில் எது வந்தாலும் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். க்ளோசபின் எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, பல நாள் மலச்சிக்கல் வந்தால் அன்றே காட்டுங்கள்.

பரிசோதனைகள்

எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் ஈசிஜி. க்ளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்த அணு எண்ணிக்கை.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்

எந்தத் தேதியில் எது குறைய வேண்டும், எது கூட வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மீதமிருக்கும் பழைய மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். ரிஸ்பெரிடோனிலிருந்து அரிப்பிப்ரசோலுக்கு மாறும் பெண்களுக்கு மாதவிலக்கு சீராகும்போது கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் திரும்பும். அதையும் முன்பே பேசிவிடுங்கள். மருந்து வாங்கப் பணமில்லை என்று விடாதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நள்ளிரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

பக்கவிளைவைச் சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று தயங்க வேண்டாம். நீங்கள் சொன்னால்தான் எங்களால் சரிசெய்ய முடியும். நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்; உங்களைக் கெஞ்சிக் கேட்பது அது ஒன்றைத்தான்.