பரீட்சைப் புராணம் – 17: டிப்ளமோக்காரர்களே தேறாத பரீட்சை

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் போருக்குப் போன அமெரிக்க இளைஞர்கள், திரும்பி வந்தால் அவர்கள் கையில் என்ன சான்றிதழ் கொடுப்பது என்ற கவலை, அதற்காக 1942-இல் அயோவாவின் பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட் தலைமையில் உருவான ஜி.இ.டி. தேர்வு. போன வாரம் சொன்னது இவ்வளவுதான். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

பொருளாதார நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தேர்வின் மானத்தை எப்படி வாங்கினார் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் வேறொரு சங்கதி கண்ணில் பட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே நகர முடியவில்லை.

தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது? நம் ஊர் பத்தாம் வகுப்பில் 35. ஏன் 35 என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஜி.இ.டி.காரர்கள் வேறு வழியில் போனார்கள். புதிய வினாத்தாள்கள் தயாரானதும், ஒழுங்காகப் பள்ளிக்குப் போய் இன்னும் சில வாரங்களில் டிப்ளமோ (பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ்) வாங்கப்போகிற மாணவர்களை நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கியெடுத்து, முதலில் அவர்களை எழுத வைப்பார்கள். அவர்கள் வாங்குகிற மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கோடு விழும். ஆரம்ப காலத்தில் கோடு தாழ்வாகத்தான் இருந்தது. போகப் போக ஏற்றினார்கள். 2002-இல் வந்த வினாத்தாள்களுக்கு எவ்வளவு உயரம் தெரியுமா? அந்தப் பள்ளி மாணவர்களிலேயே நூற்றுக்கு 40 பேர் தேற முடியாத உயரம்.

ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். டிப்ளமோவுக்குச் சமம் என்று ஒரு தேர்வு. டிப்ளமோ வாங்கப்போகிறவர்களில் 40 சதவீதம் பேர் அதில் தோற்பார்கள். தோற்ற கையோடு அவர்கள் தொப்பியும் அங்கியும் மாட்டிக்கொண்டு மேடையேறி டிப்ளமோவை வாங்கிப் போவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் நம் பிளஸ் டூ மாதிரிக் கடைசியில் ஒரு பொதுத்தேர்வு கிடையாது. பாடத்துக்குப் பாடம் கிரெடிட் சேர்த்தால் போதும். (நியூயார்க்கின் ரீஜென்ட்ஸ் தேர்வு தனி ராமாயணம். அதற்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.) வீட்டிலேயே இருக்கும் பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை, ஓடிப்போய்த் திரும்பியவனைத்தான் வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். இது நியாயமா என்றால், இல்லை என்பேன்.

அப்படி வாசலில் நின்றவர்களில் ஒரு கோடீஸ்வரரும் உண்டு. வெண்டிஸ் பர்கர் கடைகளைத் தொடங்கிய டேவ் தாமஸ். 15 வயதில், இண்டியானாவின் ஃபோர்ட் வேனில் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பியது. இவர் மட்டும் ஒய்.எம்.சி.ஏ. அறையில் தங்கிக்கொண்டு முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டார். படிப்பு அதோடு சரி. 1969-இல் ஒஹையோவின் கொலம்பஸில் முதல் கடை. பிறகு ஆயிரக்கணக்கில் கடைகள். ஆனால் ஓர் உறுத்தல் மட்டும் விடவில்லை: ‘அவரே படிக்கவில்லை, நான் எதற்குப் படிக்க வேண்டும்’ என்று பிள்ளைகள் தன்னைக் காட்டிச் சாக்குச் சொல்வார்களே! 60 வயதில், 1993-இல், ஜி.இ.டி. எழுதித் தேறினார். ஃபுளோரிடாவின் கோகனட் கிரீக் உயர்நிலைப் பள்ளி அவரைத் தன் மாணவராகவே சேர்த்துக்கொண்டது. பள்ளி நடன விழாவில் அவரும் மனைவியும்தான் ராஜாவும் ராணியும். ‘எதிர்காலத்தில் முன்னுக்கு வரக்கூடியவர்’ யார் என்று வகுப்பில் வாக்கெடுத்தார்கள், அதிலும் அவர்தான். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இருந்த குறும்பைப் பாருங்கள்.

சிப்பாய்களுக்கென்று வந்த தேர்வைச் சாதாரண மக்களுக்கு முதலில் திறந்துவிட்டது நியூயார்க், 1947-இல். கலிஃபோர்னியா 1974 வரை இழுத்தடித்தது. 2014 முதல் எல்லாம் கணினியில்: மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என நான்கு தாள்கள், மொத்தம் ஏழு மணி நேரம், இப்போது ஒவ்வொன்றிலும் 200-க்கு 145 வாங்கினால் தேர்ச்சி. மனப்பாடம் அவ்வளவாக உதவாது. ஒரு பத்தியையோ வரைபடத்தையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்றுதான் கேட்பார்கள். அது லிண்ட்க்விஸ்ட் காலத்திலிருந்தே வரும் வழக்கம்.

டேவ் தாமஸ் தேறிய அதே 1993-இல்தான் ஹெக்மனும் ஸ்டீஃபன் கேமரனும் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். ஜி.இ.டி. வாங்கியவர்களின் சம்பளம், பள்ளியை முடித்தவர்களின் சம்பளத்தை நெருங்கவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர்களின் சம்பளத்தோடுதான் ஒட்டி நிற்கிறது என்றது அது. தேர்வில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுத்தவர் சம்பளத்தில் ஏன் பின்தங்குகிறார்? ஹெக்மன் சொன்ன காரணம் பலருக்குக் கசந்தது. எனக்கும் அதில் பாதிதான் சம்மதம். மீதிச் சண்டை அடுத்த வாரம். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.