வறட்சியில் வரும் வெள்ளம்

போட்ஸ்வானாவில் ஜூன் மாதம் குளிர்காலம். மழை நின்று பல வாரங்கள் ஆகியிருக்கும்; புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, வண்டி போனால் புழுதி எழும்பும். மௌன் என்ற சிறு நகரத்தை ஒட்டி ஓடும் தமலகானே ஆற்றில் தண்ணீர் ஏறுவது அப்போதுதான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, கீழே வெள்ளம். வறண்ட படுகையில் நீரின் முனை, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து வரும். மண் வெடிப்பிலிருந்து தப்பி ஓடும் பூச்சிகளைக் கொத்துவதற்காகப் பறவைகளும் கூடவே நடந்து வரும்.

இந்தத் தண்ணீர் அங்கோலா நாட்டு மழை. அந்நாட்டு மேட்டு நிலத்தில் பெய்வது குபாங்கோ, குயிட்டோ என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி ஒன்று சேர்ந்து, நமீபியாவின் குறுகலான நிலத்துண்டைக் கடந்து, ஒகவாங்கோ என்ற பெயரில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அங்கே கலஹாரியின் மணல்மீது விசிறியாக விரிந்து, டெல்டாவாக நின்றுவிடுகிறது. கடலுக்குப் போவதே இல்லை. ஏறத்தாழ 250 கி.மீ. தூரத்துக்குச் சரிவு 60 மீட்டர்தான் என்பதால், எல்லையைத் தாண்டிய நீர் மௌன் வந்து சேர மூன்று, நான்கு மாதம் ஆகும். வரும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் வெயிலிலும் இலைகள் வழியாகவும் ஆவியாகிவிடுகிறது.

சுற்றியுள்ள நாடெல்லாம் தாகத்தில் இருக்கும்போது இங்கே மட்டும் தண்ணீர் இருப்பதால்தான் யானையும் எருமையும் சிங்கமும் இந்த டெல்டாவைத் தேடி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை பயணிகளும் வருகிறார்கள். சஃபாரி விளம்பரங்கள் சிங்கத்தின் முகத்தைப் பெரிதாகப் போடும். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது, அந்தச் சிங்கம் படுத்திருக்கும் மேடு எப்படி வந்தது என்பது.

பல இடங்களில் அதைத் தொடங்கி வைத்தது கரையான். தண்ணீர் விலகியிருக்கும் காலத்தில் புற்று எழும்புகிறது. வெள்ளம் வந்தாலும் அதன் உச்சி மூழ்குவதில்லை. அதன்மேல் உட்காரும் பறவைகள் எச்சத்தோடு விதை போடுகின்றன. அத்தி முளைக்கிறது, பிறகு மற்ற மரங்கள். வேர்கள் நல்ல நீரை உறிஞ்சிக்கொண்டு உப்புகளை மண்ணில் விட்டுவிட, அவை படிந்து படிந்து தீவின் ஓரம் உயர்கிறது, தீவு அகலமாகிறது. நடுவிலோ உப்பு ஏறி மரங்கள் பட்டுப்போய், வெள்ளை பூத்த பொட்டலும் சில பனைகளும் மிஞ்சுகின்றன. உப்பு மிகுந்த அந்த நிலத்தடி நீர் கனம் கூடி ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு ஆவியாகியும் மேலே ஓடும் நீர் இன்னும் குடிக்கும்படி இருப்பதற்கு இந்தத் தீவுகள்தான் முக்கியக் காரணம். விமானத்திலிருந்து பார்த்தால், பச்சை விளிம்பும் வெளுத்த நடுவுமாக அவை தெரியும்.

வாய்க்கால் வேலையில் நீர்யானைக்கும் பங்குண்டு. பாப்பிரஸ் கோரை அடர்ந்து கால்வாய்களை அடைத்துக்கொண்டே இருக்கும். இரவில் மேயப் போய்த் திரும்பும் நீர்யானைகள் அதே தடத்தில் போய்வந்து வழியைத் திறந்து வைக்கின்றன. மொகோரோ என்ற ஒல்லியான படகைக் கழியால் உந்திச் செலுத்துகிறவர்களுக்கு இந்தத் தடங்கள் வசதி. அதே தடத்தில் நீர்யானையே எதிரே வந்தால் வேறு கதை. முன்பு பெரிய மரங்களைக் குடைந்து செய்த மொகோரோ, இப்போது மரங்களைக் காப்பதற்காகப் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸில் வருகிறது. அல்லி இலைகள்மேல் இலைக்கோழி நடப்பதை அதில் உட்கார்ந்தால் நீர்மட்டத்திலிருந்தே பார்க்கலாம். ஆபத்து என்றால் ஆண் இலைக்கோழி குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். குஞ்சுகளின் நீண்ட கால்கள் மட்டும் வெளியே தொங்கும். பிள்ளை வளர்ப்பு முழுக்க ஆணின் வேலை.

வண்டியில் போனால், நல்ல வழிகாட்டி அடிக்கடி இன்ஜினை நிறுத்திக் காது கொடுப்பார். அணில் விடாமல் கத்துவது, கௌதாரி திடீரென்று கிளம்புவது, இம்பாலா மான்களெல்லாம் ஒரே பக்கம் பார்ப்பது எல்லாமே அவருக்குத் தகவல். காட்டுநாய்க் கூட்டம் கிடைத்தால் அவசரப்பட்டுக் கிளம்பச் சொல்லாதீர்கள். வேட்டைக்குப் புறப்படுமுன் அவை ஒன்றையொன்று உரசிக் குலாவும், அப்போது தும்மும். தும்மல் கூடக்கூடக் கூட்டம் புறப்படும் வாய்ப்பும் கூடுகிறது என்று இங்கே நடந்த ஓர் ஆய்வு 2017இல் சொன்னது. கூட்டத் தலைமை ஆரம்பித்தால் சில தும்மல் போதும். எளியது ஆரம்பித்தால் பத்தாவது வேண்டும். ஜனநாயகம்தான், கொஞ்சம் சாய்ந்த ஜனநாயகம்.

டெல்டாவுக்குத் தென்கிழக்கே மக்கடிகடி உப்புச் சமவெளி. ஒரு காலத்தில் பேரேரி. இன்று பெரும்பாலான மாதங்களில் வெறும் வெள்ளைத் தரை. மழை பெய்தால் ஓரங்களில் சத்தான புல் முளைக்கும். ஒகவாங்கோவின் வரிக்குதிரைகள் அந்தப் புல்லைத் தேடிப் போவது பழைய வழக்கம். மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக, காட்டு விலங்குகளிடமிருந்து மாடுகளுக்குக் கோமாரி தொற்றாமலிருக்க நாடு முழுக்கக் கம்பிவேலிகள் போட்டார்கள். 1968இல் வந்த ஒரு வேலி இந்தப் பாதையை அறுத்தது. 2004இல் அதை எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள், கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரிக்குதிரைகள் டெல்டாவிலிருந்து கிளம்பி, போகவர 500 கி.மீ.க்கும் மேல் நடந்து மக்கடிகடி போய்த் திரும்பியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 36 வருடம் வேலி இருந்தது. வரிக்குதிரையின் ஆயுளோ அதில் பாதிகூட எட்டுவது அபூர்வம். பாதை தெரிந்த ஒரு கிழக்குதிரையும் மிச்சமிருந்திருக்க முடியாது. மழையும் பசுமையும் எங்கே என்று பார்த்துப் பார்த்துப் புதிதாகவே கண்டுபிடித்திருக்கின்றன போலும்.

எல்லா வேலிக்கும் இந்த நல்ல முடிவு இல்லை. மத்திய கலஹாரியின் வடக்கே 1950களில் எழுந்த குக்கே வேலியில், 1980களின் வறட்சியில் தண்ணீரை நோக்கி வந்த வில்டபீஸ்ட் மான்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தன.

மனிதர்களுக்கும் வேலி உண்டு. டெல்டாவின் மொரெமி சரணாலயத்தை 1963இல் உருவாக்கியது படவானா மக்களே. இறந்த தலைவரின் மனைவி எலிசபெத் புலானே மொரெமி அதை முன்னின்று நடத்தினார். இரண்டு வருடம் முந்தி அமைந்த மத்திய கலஹாரி சரணாலயத்தின் கதை வேறு. அங்கேயே வாழ்ந்துவந்த சான் மக்களை அரசு 1997இலும் 2002இலும் வெளியேற்றியது. அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த பிறகும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்காக 2011 வரை அவர்கள் வழக்காட வேண்டியிருந்தது. குறைவான பயணிகள், அதிகமான கட்டணம் என்ற போட்ஸ்வானாவின் சுற்றுலாக் கொள்கை காட்டைக் காப்பாற்றியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டணத்தில் வேலிக்கு வெளியே இருப்பவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கவும் வேண்டும்.

யானை விஷயத்தில் அந்தக் கேள்வி கூர்மையாகிறது. உலகிலேயே அதிக யானைகள் உள்ள நாடு இது, சுமார் 1,30,000. சோளக்காட்டை ஒரே இரவில் இழந்த விவசாயிக்கு அது பெருமையான எண் இல்லை. 2014இல் தடைசெய்த வேட்டையை அரசு 2019இல் மறுபடி அனுமதித்தது. வேட்டைப் பொருள்களின் இறக்குமதியை ஜெர்மனி இறுக்கப் பார்த்தபோது, 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறோம், வளர்த்துப் பாருங்கள் என்று 2024இல் அன்றைய அதிபர் மசிசி சொன்னார். கேட்பதற்குக் கிண்டல்தான். ஆனாலும் அதில் நியாயம் இருந்தது.

யானைகள் பரவ வடக்கே இடம் உண்டு. அங்கோலாவின் உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்த பிறகு, போருக்குப் பயந்து ஒதுங்கியவற்றில் சில நமீபியா வழியாக அங்கே திரும்பத் தொடங்கின. அங்கே தடையாக இருந்தது மண்ணுக்குள் புதைந்த கண்ணிவெடிகள். தென்கிழக்கு வனப் பூங்காக்களில் அவற்றை அகற்ற அங்கோலா அரசு 2019இல் 6 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. வெடிகள் போனால் யானை வரும். சாலையும் பாசனத் திட்டமும்கூட வரும். ஒகவாங்கோவின் தலைநீர் அந்தப் பக்கம்தான். 2014இல் யுனெஸ்கோ தன் ஆயிரமாவது பாரம்பரியச் சின்னமாக அறிவித்த டெல்டாவின் எல்லைக்குள் அது இல்லை. ஆற்றைப் பங்கிட மூன்று நாடுகளும் 1994இல் அமைத்த ஆணையம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.