கூலி என்னும் சொல்

வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ‘கூலி’ என்பது வசைச்சொல்லா? என் தாத்தாவைத் தோட்டத்தில் அப்படித்தான் அழைத்தார்களாம்" என்று வினவினாள். ஆங்கில அகராதியைப் புரட்டினால் ‘இழிவுக் குறிப்பு’ என்றே காணப்படும். ஆனால் அச்சொல்லின் பிறப்பு வேறு.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். ஊழ் துணை செய்யாவிடினும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பயன் தரும் என்னும் 619ஆம் குறளில், திருவள்ளுவர் அப்பயனைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். நாட்கூலி, அரைக்கூலி, வண்டிக்கூலி என நாம் வழங்கும் இடங்களிலெல்லாம் கூலி பணமே, ஆள் அன்று. ஊதியம் பெறுபவர் கூலியாள்.

இந்தியக் கடற்கரைக்கு வணிகம் செய்ய வந்த ஐரோப்பியர் நாவில் ‘ஆள்’ உதிர்ந்துவிட்டது. கொடுக்கவேண்டிய காசின் பெயரையே, அதைப் பெறக் காத்து நின்ற மனிதனுக்குச் சூட்டிவிட்டனர்! நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, மேற்கிந்தியாவின் ‘கோலி’ இனப்பெயரையும் இதற்கு மூலமாகச் சுட்டுகிறது. அப்பெயரோடு நம் தமிழ்ச்சொல்லும் கலந்தது என்பாரும் உளர்.

இச்சொல் கப்பலேறி எங்கும் பரவியது. மலாய் மொழியில் ‘குலி’ ஆயிற்று. சீனர் இதனைக் ‘கசப்பு’, ‘வலிமை’ எனப் பொருள்படும் ஈரெழுத்துகளால் எழுதினர், எவ்வளவு பொருத்தம்! சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மூட்டை சுமந்த சீனருக்கும், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழருக்கும் ஒரே பெயர். நம் முன்னோர் குடியிருந்த லயங்களையும் ஆங்கிலேயர் ‘கூலி லைன்’ என்றே எழுதினர். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், பாரிஸ்டர் பட்டம் பெற்றிருந்தும், ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார். அங்கே இந்தியர் அனைவருக்கும், படித்தவர் படியாதவர் என்ற வேறுபாடின்றி, அதுவே பெயர்.

இன்று ஆங்கிலத்தில் ஒருவரை அவ்வாறு விளிப்பது அவமதிப்பாகும். பழைய ஆவணங்களை எடுத்துக்காட்டும்போது மட்டுமே எழுதலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் நம் மாணவர் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆங்கிலப் பாடத்தில் அச்சொல் வந்தால் தமிழில் ‘கூலிகள்’ என எழுதாதீர். ‘தொழிலாளர்’ அல்லது ‘கூலியாட்கள்’ என எழுதுங்கள். ‘அப்பாவுக்குக் கூலி கிடைத்தது’ என்று எழுதுவதில் பிழையேதும் இல்லை.