மோயாறு: காவிரிக்கு நீர் சுமக்கும் காட்டாறு

ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் தஞ்சைத் தரணியில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். “மேட்டூரில் இன்று எத்தனை அடி?” பாபநாசத்து நஞ்சைக்காரர் முதல் அதிராம்பட்டினத்துக் கடைமடை விவசாயி வரை நாளிதழில் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. ஆதலால் இந்த எதிர்பார்ப்பு இயல்பானதே.

ஆனால் காவிரியின் நீர் முழுவதும் மேட்டூரைத் தாண்டி வருவதன்று. அணைக்குக் கீழே, பவானி நகரின் கூடுதுறையில், பவானி ஆறு காவிரியோடு கலக்கிறது. அந்தப் பவானிக்கு நீர் கொண்டுவரும் துணையாறுகளுள் முதன்மையானது மோயாறு. நம்மில் பலர் பெயரைக்கூடக் கேட்டிராத அந்தக் காட்டாறு எங்கே பிறந்து எவ்வழியே வருகிறது என்று அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும்.

சோலையில் பிறப்பு

நீலகிரியின் மேற்கு விளிம்பில் 2,554 மீட்டர் உயர்ந்து நிற்கிறது முக்கூர்த்தி சிகரம். அதன் சரிவுகளில் தோன்றும் பைக்காரா ஆறே மோயாற்றின் தலைநீர். மலைவாழ் தோடர்கள் பெரிதும் போற்றும் ஆறு இது. வடக்கு நோக்கி ஓடி, அருவிகளாய் இறங்கி, முதுமலைக் காட்டை அடைந்த பின் மோயாறு என்னும் பெயர் பெறுகிறது.

அம்மலையின் மேடுகளில் புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடும் மாறி மாறி அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கிறது. இலைமக்கும் வேர்ப்பின்னலும் செறிந்த சோலைமண் அந்நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் ஊற்றுகளாகக் கசியவிடுகிறது. மழை ஓய்ந்த பின்னும் மலையோடைகள் ஓடிக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான். மனிதன் கட்டாத நீர்த்தேக்கம் என்று இதனைச் சொல்லலாம்.

மனிதனும் இந்த நீரைப் பயன்படுத்தத் தவறவில்லை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைப் பகுதியின் பஞ்சாலைகளுக்கு உயிரூட்டியது அந்த மின்சாரம்.

மழைநிழலில் ஒரு பயணம்

தெப்பக்காட்டு யானைகள் முகாமைக் கடந்ததும் ஆறு கிழக்கே திரும்புகிறது. தென்கரையில் தமிழ்நாட்டின் முதுமலை; வடகரையில் கர்நாடகத்தின் பந்திப்பூர். இரு மாநிலங்களுக்கும் எல்லைக்கோடாக ஓடும் ஆறு, மோயாறு என்ற சிற்றூருக்கு அருகே தரை பிளந்தாற்போன்ற செங்குத்தான பள்ளத்துள் இறங்குகிறது. சுமார் 20 கிலோமீட்டர் நீளும் அந்தப் பிளவுக்கு ஆங்கிலேயர் ‘மைசூர் டிச்’ என்று பெயரிட்டனர்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். நீலகிரி மலை மழைமேகங்களை மேற்கிலேயே தடுத்துவிடுவதால், கீழேயுள்ள பள்ளத்தாக்கு வறண்ட முட்காடு. அதன் நடுவே, ஆற்றின் இரு கரைகளிலும் மட்டும் நீர்மருதும் நாவலும் புங்கும் ஓங்கி நிற்கின்றன. வேறெங்கோ பெய்த மழையால் வாழும் மரங்கள் அவை! டெல்டா மக்களாகிய நம் நிலையும் அதுவன்றோ?

யானைகள் நீர் தேடி வருவதும், முதலையும் நீர்நாயும் வாழ்வதும் இந்த ஆற்றில்தான். உயர்ந்த நீர்மருத மரங்களில் பாறுக்கழுகுகள் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோபினாக் மருந்தால் நாடெங்கும் அப்பறவைகள் மடிந்தபோது, தென்னாட்டில் அவை எஞ்சிய முக்கியப் புகலிடம் இப்பள்ளத்தாக்கு. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது.

அணையும் வெள்ளமும்

பள்ளத்தாக்கைக் கடந்த மோயாறு, 1955இல் முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பில் பவானியுடன் சேர்கிறது. அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 32.8 டி.எம்.சி. அந்நீரின் பெரும்பகுதி கீழ்பவானிக் கால்வாய்க்கும், கொடிவேரி, காலிங்கராயன் முதலிய பழைய பாசனங்களுக்கும் செல்கிறது. எஞ்சுவதும், வெள்ளக்காலத்தில் வழிவதுமே காவிரி வழியாக நம்மை நோக்கி வருகின்றன.

அப்படி வரும் நீர் எவ்விதம் வருகிறது என்பதே கேள்வி. 2018 ஆகஸ்டில் மேட்டூரும் பவானிசாகரும் நிரம்பி வழிந்தன. பெருவெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் வழியே கடலுக்கு நீர் பாய்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், கடைமடைப் பகுதிகளில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லையென்று விவசாயிகள் முறையிட்டார்கள். ஒரே மூச்சில் வரும் நீர் கடலுக்கு. நின்று நிதானித்து வரும் நீரே வயலுக்கு. நாற்றங்காலுக்கும் கதிர் முற்றும் பருவத்துக்கும் வேண்டியது இரண்டாவது வகை. அத்தகைய நீரைத் தருவதில் அணைக்கு முன்னோடி காடு.

அந்தக் காடோ நலிந்து வருகிறது. மலைமேல் புல்வெளிகளும் சோலைகளும் இருந்த இடங்களில் தேயிலையும், தைல மரமும், சீகை மரமும் பெருகின. கீழே பள்ளத்தாக்கில் உண்ணிச்செடியும், நம் கண்மாய்க்கரைகளில் காண்கிற அதே சீமைக்கருவேலமும் பரவிவிட்டன. முதுமலை 2007இலும், சத்தியமங்கலம் 2013இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டதால் ஓரளவு பாதுகாப்புக் கிடைத்துள்ளது. புலிக்காக மட்டுமே செய்யப்பட்ட ஏற்பாடு என்று இதனை எண்ணிவிடலாகாது. புலி வாழும் காட்டில் சோலை பிழைக்கும். சோலை பிழைத்தால் ஓடை வற்றாது.

வாய்க்கால் தூர்வாரவும், நீர்ப்பங்கீட்டை வலியுறுத்தவும் நாம் குரல் கொடுக்கிறோம்; கொடுக்கவும் வேண்டும். மலைக்காட்டைக் காக்க வேண்டுமென்ற குரலும் டெல்டாவிலிருந்து எழ வேண்டும். அணையின் அடிக்கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோர், அந்த அடிகளை நிரப்பும் சோலைகளின் கதையையும் சேர்த்தே சொல்லட்டும்.