நம்பிக்கையும் பரதேசியும்

யானைக்கவுனியிலும் அதனையடுத்த சௌகார்பேட்டையிலும் உறவினருக்குள்ளும் ஒரே சமூகத்தாருக்குள்ளும் வாய்ச்சொல்லை நம்பி வணிகம் நடப்பதுண்டு. அதே தெருவில் மூட்டை சுமக்க அயலூரிலிருந்து வந்த தொழிலாளி கடன் கேட்பின், அடகோ பிணையாளோ வேண்டப்படும். நம்பிக்கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? திருச்சபைக்கும் உரிய இவ்வினாவைப் பொருளியலார் சோதனை வாயிலாக ஆராய்ந்துள்ளனர்.

மனிதன் தன் ஆதாயத்தையே கருதுவான் என்பது பழைய பொருளியலின் அடிப்படைக் கொள்கை. 1995இல் அமெரிக்காவில் பெர்க், டிக்காட், மக்கேப் ஆகிய மூவர் இதனைச் சோதித்தனர். ஒருவரிடம் 10 டாலர் தரப்பட்டது. அவர் முகமறியாத ஒருவருக்கு அதில் எவ்வளவு அனுப்பினாலும் அது மும்மடங்காகும். பெற்றவர் திருப்பித் தரக் கட்டாயமில்லை. எனினும் 32 பேரில் 30 பேர் ஏதேனும் அனுப்பினர். பலர் திருப்பியும் கொடுத்தனர். சிலர் ஒன்றும் தரவில்லை.

இவ்வாய்வு நம் நாட்டிலும் தொடர்ந்தது. சந்திரசேகர், கின்னன், லாரெகி ஆகியோர் கர்நாடகத்தின் 34 சிற்றூர்களில் நடத்திய சோதனை 2018இல் வெளியாயிற்று. நிலையற்ற வருவாயைப் பகிர்ந்துகொள்வதாக இருவர் இருவராக வாக்களித்தனர். சிலருக்கு அவ்வாக்கு கட்டாயமாக்கப்பட்டது. சிலர் வருவாய் வந்தபின் அதை மீறலாம். கட்டாயம் இல்லாதபோதும் உறவாலும் நட்பாலும் நெருங்கியோர் பெரிதும் வாக்குக் காத்தனர். சமூகத் தொடர்பில் தொலைவிலிருந்தோரிடையே ஒத்துழைப்புக் குன்றியது. கட்டாயம் இருந்தபோதோ அவர்களும் நெருங்கியோரைப்போல் ஒத்துழைத்தனர்.

இதில் ஊழியர் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. நெருங்கியோருக்கு உறவே சட்டம்; தொலைவிலுள்ளோருக்கோ சட்டமே உறவின் இடத்தில் நிற்கிறது. உபாகமம் 24ஆம் அதிகாரம் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கப் பணிக்கையில், சகோதரனையும் பரதேசியையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. பரிந்து பேச உறவினர் இல்லாத பரதேசிக்காகக் கட்டளையே பரிந்து பேசுகிறது.

நம் சபைகளிலும் உதவி நிதியும் சிக்கனச் சங்கமும் அறிமுகத்தின் பேரில் நடக்கக் காண்கிறோம். "நமக்குள் எழுத்து எதற்கு?" என்னும் சொல் அன்பின் சொல்லாகவே ஒலிக்கிறது. ஆனால் 'நமக்குள்' என்பதில் அடங்காதவன் வெளியே நிற்கிறான். எழுதப்பட்ட விதியும் யாவருக்கும் திறந்த கணக்கும் விசுவாசக் குறைவின் அடையாளங்கள் அல்ல. நேற்று வந்தவனுக்கும் நாம் விரிக்கும் பந்தி அவை.