பொம்மை அம்மோனைட் மூழ்குகிறது. நிஜ அம்மோனைட் எப்படி மிதந்தது?

அம்மோனைட் என்பது அழிந்துபோன ஒரு கடல் பிராணி. சுருள் ஓடும் தொங்கும் கைகளுமாக, உயிருள்ளது போலவே தைத்த அம்மோனைட் பொம்மையை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் மிதக்கும். உள்ளே அடைத்த பஞ்சு நனைந்ததும் மூழ்கிவிடும். கனத்த ஓட்டைச் சுமந்த நிஜப் பிராணி மட்டும் எப்படி மிதந்தது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர் கையிலுள்ள டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் மட்டும் சாப்பாடு. மற்றவை இறுக மூடிய காலி டப்பாக்கள். தண்ணீரில் விழுந்தால் அந்தக் காலி டப்பாக்கள்தான் அதைத் தாங்கும்.

அம்மோனைட்டின் ஓடும் அப்படித்தான், பல அறைகள் கொண்டது. அது குடியிருந்தது வாசலை ஒட்டிய கடைசி அறையில். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பும். புது அறையில் முதலில் இருப்பது திரவம். எல்லா அறைகளையும் ஊடுருவும் மெல்லிய சதைக்குழாய் அதிலுள்ள உப்பை இழுக்கும். உப்பின் பின்னாலேயே நீரும் போகும். அந்த இடத்தில் மெல்ல வாயு நிறையும். இன்றும் வாழும் உறவினரான நாட்டிலஸ் செய்வதும் இதைத்தான்.

பொம்மையின் கைகளும் கண்ணும் பெரும்பாலும் ஊகமே. மென்சதை கல்லாவது அபூர்வம்.

ஓடு அப்படியல்ல. அரியலூர், காரை பக்கத்துப் பாறைகளில் கிடைத்த அம்மோனைட்டுகளை, புதைபடிவ ஆய்வாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860-களிலேயே விவரித்துவிட்டார். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. பொம்மை வாங்கிக் கொடுத்த கையோடு, பிள்ளைகளை அங்கே ஒருமுறை கூட்டிப் போங்கள்.