வேலைக்கு உருக் கொடுப்பவர்கள்

ஒரே சீருடை, ஒரே துடைப்பம், ஒரே சம்பளம். ஆனாலும் இருவர் செய்யும் வேலை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏன் என்று நாம் சிந்தித்ததுண்டா?

அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்னும் இரு பெண் அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறியவர்களுள் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களும் உண்டு. அப்பணியாளர்களில் சிலர், தரையைத் துடைப்பதே தம் வேலை என்று கருதினார்கள். சொன்னதை மட்டும் செய்தார்கள். வேலையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேறு சிலரோ, நோயாளி குணமடைவதில் தமக்கும் பங்குண்டு என்று நம்பினார்கள். நோயாளிகளிடமும் அவர்களைக் காண வந்தவர்களிடமும் அன்பாகப் பேசினார்கள். பிறர் வேலைக்கு இடைஞ்சலின்றித் தம் வேலையை அமைத்துக்கொண்டார்கள். பின்னர் ரெஸ்னெவ்ஸ்கி கூறிய செய்தி ஒன்று எங்களை மிகவும் கவர்ந்தது. நினைவிழந்த நோயாளிகளின் அறைகளைச் சுத்தம் செய்த ஒரு பெண், சுவரிலிருந்த படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டுவாராம்! அந்தச் சிறு மாற்றமாவது அவர்களுக்கு நன்மை தராதா என்ற ஆசைதான். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை.

செய்யும் பணியை மாற்றலாம், பழகும் முறையை மாற்றலாம், வேலையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றலாம் என்கிறார்கள் அறிஞர்கள். கடைசியாகச் சொன்னதே மற்ற இரண்டிற்கும் வேர் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் ஆயாம்மாவின் வேலை மணி அடிப்பது. ஜூன் மாதத்தில் அழுதுகொண்டு வரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் மணி அடிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இந்தப் பற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள மிருகக்காட்சிசாலைக் காவலர்களைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள், வருமானமோ குறைவு. விலங்குகளைப் பேணவே பிறந்தோம் என்று எண்ணியவர்கள் பணத்தையும் ஓய்வையும் விட்டுக்கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். தங்கள் அன்பை நிர்வாகம் பயன்படுத்திக்கொள்கிறதோ என்ற ஐயமும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது.

இதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. ஆயாம்மா மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று நாங்கள் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.